வேலையோடு வந்த வீடு: செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழ்க் குடும்பங்கள்

கேள்வி

சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது செம்பவாங். 1938 முதல் 1971 வரை, இடையில் ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகள் நீங்கலாக, சூயெசுக்குக் கிழக்கே பிரிட்டனின் தலையாய கடற்படைத் தளம் அங்குதான் இருந்தது. அதன் கப்பல்களைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் 1942-ன் வீழ்ச்சியைப் பற்றியும் நூல்கள் நிறைய உண்டு. அதே வேலிக்குள் அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, அவர்களைப் பள்ளிக்கு அனுப்பி, மரத்தடியில் வேல் நட்டு வாழ்ந்த தமிழ், மலையாளக் குடும்பங்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அந்நியப் படை ஒன்றின் வேலிக்குள் அமைந்த குடும்ப வாழ்க்கை எப்போது நிலைத்த குடிவாழ்க்கை ஆகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. தளம் கொடுத்த வீடு அதை நிலைக்கச் செய்ததா, குடும்பங்கள் தாமே எழுப்பிக்கொண்ட கோயிலும் சங்கமும் நிலைக்கச் செய்தனவா, குடியுரிமைச் சான்றிதழ் நிலைக்கச் செய்ததா? தளம் தந்தது கூரை மட்டுமே. அந்தக் கூரையின் கீழ் வாழ்க்கையை உண்டாக்கியவர்கள் குடும்பத்தாரே. ஆனால் அந்த வாழ்க்கை தொடருமா முறியுமா என்பதை இறுதியில் முடிவு செய்தது குடியுரிமை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இதுவரையான மூன்று பார்வைகள்

செம்பவாங் தளத்தை இதுவரை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள். முதலாவது, அரசியல் பொருளாதாரப் பார்வை. தளங்கள் தந்த வருமானம், அவை மூடப்பட்டபோது புதிய குடியரசுக்கு நேர்ந்த நெருக்கடி, கப்பல் பட்டறையைத் தொழில்துறையாக மாற்றிய வெற்றி ஆகியவை இதன் பொருள். இதில் தொழிலாளி ஓர் எண்ணிக்கையாக வருகிறார். அவருடைய மனைவி மக்கள் வருவதில்லை.

இரண்டாவது, நினைவுப் பார்வை. தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் முதுமையில் சொல்லும் கதைகளில் பல இனத்தாரும் ஒரே குடும்பமாக இருந்த காலம் திரும்பத் திரும்ப வருகிறது. திறந்த கதவுகள், தீபாவளிப் பலகாரப் பரிமாற்றம், கால்பந்துத் திடல், திரைகட்டிக் காட்டிய படங்கள் என்று அது விரியும். அந்த அன்பு பொய்யன்று. ஆனால் அது பிள்ளைகளின் கண்ணில் பட்ட உலகம். வீடு யாருடையது, எந்த நிபந்தனையில் கிடைத்தது, வேலை போனால் என்னவாகும் என்ற கவலைகளைப் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசியிருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது, தொழிற்சங்கப் பார்வை. கடற்படைத் தளத் தொழிலாளர் சங்கம், 1952-ன் இறுதியில் வெடித்த வேலைநிறுத்தம், ஐம்பதுகளில் அச்சங்கத்தின் செயலாளராக இருந்த சிட்னி வுட்ஹல், 1963-ல் அவர் கைதானது ஆகியவை இதன் மையம். அதிகார உறவை நேராகச் சொல்வது இந்தப் பார்வையின் பலம். வேலைநிறுத்த நாட்களில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று கேட்காமல் விட்டது இதன் குறை.

இம்மூன்றோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றாலே சிராங்கூன் சாலையில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளும் துணிக்கடைகளும் வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் நம் கவனத்தை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அந்தக் கடைகளுக்கு வந்தவர்களில் பலர் வேறிடத்தில் வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் செம்பவாங்கிலும், சிலேத்தார், தெங்கா, சாங்கி விமானத் தளங்களை ஒட்டியும் குடியிருந்தவர்கள், பண்டிகைக்கும் திருமணத்துக்கும் தாலிக்கும் சேலைக்கும் சிராங்கூன் சாலைக்கு வந்து திரும்பினார்கள். சிராங்கூன் சாலை அவர்களுக்குச் சந்தை. வீடு தளத்தில் இருந்தது.

தளமும் அதன் குடியிருப்பு ஒழுங்கும்

சிங்கப்பூரில் இந்தியர் படையோடு வந்து இறங்கியது புதிதல்ல. 1819-ல் ராஃபிள்ஸ் கரையிறங்கியபோதே வங்கப் படையின் சிப்பாய்களும் அவர்களைச் சார்ந்த பணியாளர்களும் உடன் வந்தனர். அவுட்ராம் பகுதிக்கு நெடுங்காலம் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் வழங்கியது அந்தத் தொடர்பால்தான். ஆனால் படைமுகாமைச் சுற்றி ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் வேரூன்றியது செம்பவாங்கில்தான்.

முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த ஜப்பானியக் கடற்படை வலிமையைக் கண்டு அஞ்சிய பிரிட்டன், சிங்கப்பூரில் பெருந்தளம் அமைக்க 1921-ல் தீர்மானித்தது. 1923-ல் செம்பவாங்கில் 2,845 ஏக்கர் நிலத்தை நீரிணைக் குடியேற்ற அரசு அன்பளிப்பாக வழங்கியது. லண்டனில் ஆட்சி மாறியபோதெல்லாம் வேலை நின்றும் தொடர்ந்தும் போயிற்று. ரப்பர்த் தோட்டமும் சதுப்புமாக இருந்த நிலத்தைத் திருத்த ஆட்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். 1938 பிப்ரவரி 14 அன்று ஆயிரம் அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையை ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தார்.

தளத்தின் வீதிகளுக்குப் பேரரசின் ஊர்களிலிருந்து பெயர் வந்தது. கான்பெரா, வெலிங்டன், ஒட்டாவா, டர்பன், மால்டா, ஜிப்ரால்டர், டெல்லி. அந்த வீதிகளில் வீடுகள் அமைந்த விதம் பேரரசின் படிநிலையை அப்படியே காட்டியது. மேட்டு நிலத்தில், பரந்த புல்வெளி நடுவே, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நின்ற பங்களாக்கள் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு. ஆசிய எழுத்தர்களுக்கும் கைத்தொழிலாளர்களுக்கும் தரவரிசைப்படி அடுத்தடுத்த குடியிருப்புகள். கடைநிலைத் தொழிலாளிக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. மலாயாத் தோட்டத்து லயத்தில் இருந்து வந்தவருக்கு அது பழகிய அமைப்பாகவே தெரிந்திருக்கும். தளக் காவல் படையில் சீக்கியரும் இருந்தனர். மலையாளிகள் எழுத்தர் பணிகளிலும் தொழில்நுட்பப் பணிகளிலும் மிகுதியாக இருந்தனர். உடலுழைப்புப் பணிகளில் தமிழர் அதிகம்.

இந்த ஒழுங்கில் குடும்பத்துக்குத் தனி உரிமை ஏதும் இல்லை. வீடு வேலையின் ஒரு பகுதி. வேலைக்கு ஆள் தினமும் நேரத்துக்கு வர வேண்டும், நகரிலிருந்து தொலைவு அதிகம், ஆகவே வேலிக்குள் குடியிருப்பு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். நிர்வாகம் கருணையற்றது என்று இதற்குப் பொருளில்லை. மருத்துவ வசதியும் குழாய்நீரும் மின்விளக்கும் அக்காலக் கம்பத்து (கிராமத்து) வீடுகளில் பலவற்றுக்குக் கிடைக்காதவை. ஆனால் அவை அனைத்தும் ஊழியருக்கு அளித்த வசதிகள். குடிமகனுக்குரிய உரிமைகளாக அவை ஒருபோதும் இருக்கவில்லை.

மனைவி வந்து சேர்ந்த காலம்

தளத்தில் குடும்பம் உருவானதை மக்கள்தொகைக் கணக்கில் ஓரளவு பார்க்கலாம். 1931 கணக்கெடுப்பின்போது சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஐந்து ஆண்களுக்கும் சற்று அதிகம். 1947-ல் அது மூவருக்குச் சற்றுக் குறைவு. 1957-ல் இருவருக்குச் சற்று மேல். ஆண்களின் முகாமாக இருந்த சமூகம் கால் நூற்றாண்டில் குடும்பங்களின் சமூகமாக மாறத் தொடங்கிவிட்டது.

இந்த மாற்றத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் போருக்குப் பிந்தைய அமைதியும் ஊதிய உயர்வும். அவை உண்மை. ஆனால் சட்டமும் ஒரு காரணம் என்பதை நாம் போதுமான அளவு கணக்கில் எடுப்பதில்லை. 1953-ல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிய தொழிலாளர் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது; ஏற்கெனவே இங்கிருந்தவரின் மனைவி மக்களுக்கு வழி விட்டது. 1959-ல் அந்த வழியும் குறுகியது. கணவனைப் பிரிந்து நெடுங்காலம் ஊரிலேயே இருந்துவிட்ட மனைவியரும் வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் வருவது அரிதாயிற்று. முன்பெல்லாம் ஆண் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவான். குடும்பம் ஊரில் இருக்கும். இப்போது குடும்பத்தை அழைத்துவருவதா, நிரந்தரமாகப் பிரிந்திருப்பதா என்று உடனே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பல இளம் மனைவியர் கைக்குழந்தையோடு ஐம்பதுகளில் கப்பலேறியதன் பின்னணி இதுதான்.

அந்தப் பயணத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்தது ரஜூலா. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த டெக் பயணிகள். ஒரு வாரத்துக்குக் குறையாத பயணம். சிங்கப்பூர் கண்ணில் தெரிந்தாலும் உடனே கரையேற முடியாது. செயின்ட் ஜான்ஸ் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டவர்கள் பலர். அதன் பிறகே நகரம், அதையும் கடந்து தீவின் மறுகோடியில் தளத்தின் வாசல். ஊரில் மாமியார் வீட்டைத் தாண்டி அறியாத பெண்ணுக்கு, காவலர் நிற்கும் வாசலைத் தாண்டினால்தான் தன் வீடு என்ற நிலை முதல் நாளே பழக வேண்டியதாயிருந்தது.

தளம் தராதவை

வீடு கிடைத்தபின் குடும்பத்துக்கு வேண்டியவை எவை? கடன் கொடுக்கும் கடை, பிள்ளைக்குப் பள்ளி, கும்பிடச் சாமி, நோயிலும் சாவிலும் துணைக்கு ஆட்கள். இவற்றுள் பெரும்பகுதியைத் தளம் தரவில்லை. குடும்பங்களே உண்டாக்கிக்கொண்டன.

மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டின் அச்சாணி மளிகைக் கடைதான். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கி, சம்பள நாளில் கணக்கைத் தீர்ப்பது சிங்கப்பூர், மலாயா முழுவதும் இருந்த வழக்கம். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் பெரும்பாலும் வீட்டுப்பெண். எவ்வளவு கடையில் தர வேண்டும், எவ்வளவு சீட்டுக்குக் கட்ட வேண்டும், எவ்வளவு ஊருக்கு மணியார்டர் அனுப்ப வேண்டும் என்று பிரித்தவரும் அவரே. வேலைநிறுத்த வரலாறு இந்தப் புத்தகத்தைப் பேசுவதில்லை. ஆனால் சம்பளமில்லாத வாரங்களைக் குடும்பம் தாக்குப்பிடித்தது கடைக்காரர் கொடுத்த அவகாசத்தால்தான்.

சங்கங்கள் அடுத்து எழுந்தன. தளத்து மலையாளிகளிடையே 1948-ல் ஸ்ரீ நாராயண மிஷன் உருவானது; கேரள நூலகம் அமைந்தது; செம்பவாங் தமிழர் சங்கம் இயங்கியது; முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசலும் சீக்கியருக்குக் குருத்துவாராவும் இருந்தன. மொழியாலும் சமயத்தாலும் பிரிந்து நின்ற அமைப்புகள் இவை. பல இன நல்லிணக்கம் பேசும் நினைவுப் பார்வை இதை மெல்லக் கடந்துபோகிறது. என் மதிப்பீட்டில், தளத்து நல்லிணக்கம் இந்தத் தனித்தனி அமைப்புகளின் மேல்தான் நின்றது. தன் சமூகத்தில் கால் ஊன்றியவருக்கே அண்டை வீட்டாரோடு அச்சமின்றிப் பழக முடிந்தது.

கோயிலின் கதை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1960-களில் கான்பெரா சாலையை ஒட்டி, தளத்து ஊழியர்களின் முயற்சியால், ஒரு மரத்தடியில் முருகன் வழிபாடு தொடங்கியது. திட்டமிட்ட கட்டடமோ ஒதுக்கப்பட்ட நிலமோ இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் பெரிய தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும். வடகரைத் தமிழர்கள் தங்களுக்கென்று பங்குனி உத்திரத்தைப் பெரிய விழாவாக்கிக்கொண்டார்கள். பின்னர் நகரமைப்புக்காக இடம் மாற வேண்டியிருந்தது. இன்று யீஷூன் தொழிற்பேட்டைப் பகுதியில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக அது நிற்கிறது. பங்குனி உத்திரக் காவடி இன்றும் தொடர்கிறது. தளம் போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இது நிலைத்திருக்கிறது. தளம் கட்டித் தந்த வரிசை வீடுகள் நிலைக்கவில்லை.

1968: சோதனை

ஒரு குடிவாழ்க்கை எந்த அளவு வேரூன்றியது என்பதை அதை அசைக்கும் நிகழ்ச்சியை வைத்தே அளக்க முடியும். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், சூயெசுக்குக் கிழக்கே உள்ள படைகள் 1971-க்குள் விலகும் என்று அறிவித்தார். பிரிட்டிஷ் படைச்செலவு நாட்டின் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது என்றும், 30,000 பேர் நேரடியாகவும் மேலும் 40,000 பேர் சார்புத் தொழில்களிலும் அதை நம்பியிருந்தனர் என்றும் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனமாக இயங்கத் தொடங்கியது. 1971 அக்டோபர் இறுதியில் பிரிட்டிஷ் படைத் தலைமையகம் மூடப்பட்டது.

பொருளாதார வரலாறு இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறது. நாட்டளவில் அது சரியே. வீட்டளவில் கதை இரண்டாகப் பிரிந்தது, பிரித்தது குடியுரிமை. 1965-ல் நிறைவேறிய வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆட்குறைப்புக்குப் பின் மறுவேலையிலும் பயிற்சியிலும் குடிமக்களுக்கே முன்னுரிமை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்த இருவரில், குடிமகன் தங்கினார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கப்பலேறினார். அவருடைய பிள்ளைகள் சிங்கப்பூரிலேயே பிறந்து இங்கேயே படித்தவர்களாக இருந்தாலும் அவரோடு போக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் கோ. சாரங்கபாணியின் பணியை மறுபடி எடைபோட வேண்டும். 1935-ல் அவர் தொடங்கிய தமிழ் முரசு இதழை மொழிக்கும் சீர்திருத்தத்துக்கும் அவர் ஆற்றிய தொண்டாகவே நாம் பெரும்பாலும் போற்றுகிறோம். 1957 குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் குடிமக்களாகப் பதிய வேண்டும் என்று அவர் முனைந்து இயங்கினார். அது எளிய முடிவாக இருக்கவில்லை. ஊரில் நிலம், வயதான பெற்றோர், கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கைகள். இந்தியக் குடியுரிமையை விட்டால் அவற்றோடு உள்ள பிடி விட்டுப்போகுமோ என்ற அச்சம். பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தின் விலை பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. சாரங்கபாணி வற்புறுத்தியது அரசியல் முழக்கமாக அன்று சிலருக்குப் பட்டிருக்கலாம். செம்பவாங் குடும்பங்களைப் பொறுத்தவரை, அவர்கள் சமூகத்தில் அக்காலத்தில் எடுக்கப்பட்ட மிக நடைமுறையான முயற்சி அதுதான்.

ஒப்பீடு: யாருக்குத் திரும்ப வழி, யாருக்குத் தங்க வழி

செம்பவாங்கின் தனித்தன்மை மற்றத் தளக் குடும்பங்களோடு ஒப்பிடும்போது துலங்குகிறது. பிரிட்டிஷ் அதிகாரியின் மனைவிக்கும் தனிமை இருந்தது, வெப்பமும் நோயும் இருந்தன. ஆனால் சில ஆண்டுகளில் ஊர் திரும்புவது உறுதி. இன்று அதே கறுப்பு வெள்ளை வீடுகளில் அமெரிக்கக் கடற்படைக் குடும்பங்கள் வாழ்கின்றன. 1992-ல் பிலிப்பைன்சின் சூபிக் தளம் மூடப்பட்டதை ஒட்டி அமெரிக்கத் தளவாடப் பிரிவு செம்பவாங்குக்கு வந்தது. அவர்களுக்கும் பணிக்காலம் வரையறுக்கப்பட்டது. திரும்பிச் செல்லும் செலவும் ஏற்பாடும் படையினுடையவை.

இவர்களுக்குத் திரும்புவது உறுதி என்றால், திரும்புவது கட்டாயம் என்ற நிலையில் இருப்பது கூர்க்கா படைப்பிரிவு. 1949-ல் அமைக்கப்பட்ட இப்பிரிவின் குடும்பங்கள் மவுண்ட் வெர்னன் முகாமில் வாழ்கின்றன. பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீரர் ஓய்வு பெற்றதும் குடும்பம் முழுவதும் நேபாளம் திரும்ப வேண்டும்.

செம்பவாங் தமிழரும் மலையாளிகளும் இவ்விரு நிலைக்கும் வெளியே நின்றவர்கள். திரும்ப வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கலாம் என்று யாரும் உறுதியும் தரவில்லை. அந்த உறுதியின்மையின் நடுவிலேயே கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள். இதுதான் அவர்களுடைய சாதனை.

நான்காவது ஒப்பீடு இன்றையது. சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்கள் வேலை அனுமதிச் சீட்டோடு உழைக்கிறார்கள். விடுதிகளில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கூடுகிறார்கள். மனைவி மக்களை அழைத்துவரும் வழி அவர்களுக்கு இல்லை. 1950-களில் அதே வேலையைச் செய்தவருக்கு நிபந்தனையோடாவது கிடைத்த குடும்ப வாழ்க்கை, இன்று அவர்களுக்குத் திறன்பேசித் திரையில் மட்டுமே கிடைக்கிறது. ஆண்கள் மட்டும் வந்து உழைத்த 1931-ன் நிலைக்கு இது நெருக்கமானது.

சான்றுகளின் குறை

இத்தகைய ஆய்வுக்குத் தடையாக நிற்பது சான்றுகளின் சாய்வு. கடற்படை நிர்வாக ஆவணங்கள் வேலையையும் செலவையும் பதிந்தன. செய்தித்தாள்கள் வேலைநிறுத்தத்தையும் விழாவையும் பதிந்தன. 1979-ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி இந்த இடைவெளியை நிரப்பப் பெரிதும் உதவியது. ஆனாலும் வீட்டுக் கணக்கைத் தாங்கிய பெண்கள், ஊர் திரும்பிய குடும்பங்கள், கப்பலேறியபோது பள்ளி மாணவராக இருந்தவர்கள் ஆகிய மூன்று தரப்பின் கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் செம்பவாங்கின் வரலாறு முழுமை பெறாது. ஊர் திரும்பியவர்களைத் தேட வேண்டிய இடம் தமிழ்நாடும் கேரளமும். சிங்கப்பூருக்குள் மட்டும் தேடினால் தங்கியவர்களின் கதையே கிடைக்கும். அது இயல்பாகவே வெற்றியின் கதையாகத்தான் இருக்கும்.

முடிவு

செம்பவாங் தளம் ஒரு நல்லிணக்க ஊரை உருவாக்கியது என்ற புகழுரை தளத்துக்கு உரியதன்று. அந்தப் புகழ் வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களைச் சேரும். அதேபோல, உழைப்பும் ஒற்றுமையும் மட்டுமே அவர்களை நிலைநிறுத்தின என்பதும் முழு உண்மையன்று. அதே உழைப்பையும் ஒற்றுமையையும் கொடுத்தவர்கள் சான்றிதழ் இல்லாததால் போனார்கள். குடும்பம் வேலையோடு ஒட்டிய சலுகையாக இருக்கும்வரை, எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அது தங்கல்தான்.

தளம் மறைந்துவிட்டது. நேவல் பேஸ் என்ற பெயரை யீஷூனில் இரண்டு பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அங்கு வாழ்ந்தவர்களில் முதல் தலைமுறையினர் சிலரே இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டு ஒதுக்கீட்டுக் கடிதம், வாசல் அனுமதி அட்டை, பணிநீக்கக் கடிதம், கப்பல் சீட்டு, பள்ளி மதிப்பெண் அட்டை என்று பழைய பெட்டியில் எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்திடமோ, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமோ அதைக் காட்டுங்கள். பாட்டி இருந்தால், அவரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த வரலாற்றின் எழுதப்படாத பாதி அவரிடம்தான் இருக்கிறது.